உன் கோபம் நியாயம்தான், ஜெபராஜ்

சயான், மும்பை

அன்புள்ள ஜெபராஜுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். மகளுக்குத் தானேயில் வேலை கிடைத்திருக்கிறது. மழை விட்டபாடில்லை, துணி காயாமல் வீடு முழுக்க ஈரவாடை.

அப்பா கட்டிய வீட்டில் தன் பங்கை உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி விற்றது தப்புதான். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் "ஆண்டவரே தேவாலயத்தில் சவுக்கு எடுத்தாரே" என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் இடிக்கிறது. இயேசு வியாபாரிகளைத் தேவாலயத்தைவிட்டுத் துரத்திய அந்த இடம், கோபக்காரக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம்! மாற்கு 3-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பார். சூம்பின கையோடு ஒருவன் ஜெபஆலயத்தில் நிற்கிறான். ஓய்வுநாளில் அவனைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். ஆண்டவர் அவர்களைக் கோபத்துடனே பார்த்தார். விசனப்பட்டார் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. அந்தக் கோபம் போய் முடிந்தது, அவன் கை சொஸ்தமானதில். தன்னை வைதவர்களையோ அவர் பதிலுக்கு வையவில்லை என்கிறார் பேதுரு. ஜெபஆலயத்தில் அவருக்கு வந்தது அடுத்தவனுக்காக வந்த கோபம். நமக்கு வருவது பெரும்பாலும் நம் பங்குக்காக.

கோபமே வரக்கூடாது என்று பவுல் எபேசியருக்கு எழுதவில்லை. "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றார். சூரியன் அஸ்தமிக்கும்வரை கெடு வைத்தார். (இந்த ஊரில் நாங்கள் வீடு சேருமுன்பே அது அஸ்தமித்துவிடுகிறது, அது வேறு கதை.) போன வாரம் கல்யாண் லோக்கல் ரயிலில் ஒரு சண்டை. மூன்று பேர் சீட்டின் நுனியில் நாலாவதாக ஒருவர் உட்கார, ஜன்னலோரக்காரர் நகரவே மாட்டேன் என்றார். முழங்கை இடி, அப்பன் பாட்டன்வரை ஏச்சு. நாலாவது ஆள் தானேயில் இறங்கிப் போயாயிற்று. அந்த இடத்தில் உட்கார வந்த இன்னொருவருக்கு ஜன்னலோரக்காரர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து கொடுத்தார். இறங்கிப் போனவரை மட்டும் டோம்பிவிலிவரை திட்டிக்கொண்டே வந்தார்.

குடும்ப வாட்ஸாப் குரூப்பில் நீ போடும் வாய்ஸ் மெசேஜை முதலில் நிறுத்து. பாதி ராத்திரியில் பேசி அனுப்புவது காலையில் உனக்கே பிடிக்காது. "கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு சொன்னது இதற்கும் பொருந்தும். பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீலை வைத்துப் பேசு. கோபத்தை விடச் சொல்கிறேனே தவிர, உரிமையை விடச் சொல்லவில்லை.

இன்னொன்று. காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் வருகிறதே, அதை நிறுத்தி வாசி. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. அவன்மேல் உனக்குள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த நாளெல்லாம் கூட இருந்து பார்த்தவன் அவன்தானே. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று நீ எப்போதாவது கேட்டாயா?

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறோம். உனக்குச் சம்மதமானால் இரண்டு பேருமாக அவன் வீட்டுக்குப் போவோம். என்னிடம் இருக்கும் அவனுடைய நம்பர் போகவில்லை. புதுசு உன்னிடம் இல்லையென்றால், கேட்டு வாங்கி அனுப்பு.

அன்புடன்,
செல்வின்