புல்லாங்குழல எடுத்துட்டு லாங் பெல்ல போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல வந்த செய்தியப் பத்திதான் எழுதுறேன். நம்ம மலையில ஒரு காலேஜ் பசங்க அவங்க வளாகத்தோட சத்தங்கள வச்சு வீடியோ பண்ணிருக்காங்க, பாத்தவங்க எல்லாம் பாராட்டுறாங்கன்னு போட்டிருந்தீங்க. பசங்க ஆர்வத்த நானும் பாராட்டுறேன், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்த வீடியோவத் தேடிப் புடிச்சு ஹெட்போன் மாட்டிக் கேட்டா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கீபோர்டும் புல்லாங்குழலும்தான் சார் ஓடுது, அதுக்கு அடியில எங்கேயோ ஒரு குருவி கத்துது, கொஞ்சம் மழை பெய்யுது, அவ்வளவுதான். நடுவுல ஊட்டி ஸ்டேஷனக் காட்டுறப்ப நீராவி இன்ஜின் விசில் வேற. வழக்கமா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும்தான் நீராவி, குன்னூருக்கு மேல டீசல்தான் இழுக்குதுன்னு இங்க சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், அப்ப அந்த விசில் எங்கேயோ நெட்ல இருந்து எடுத்து ஒட்டினதுதானே. காலேஜ் சத்தம்னு பேரு வச்சுட்டு காலேஜக் காணோம்.

நான் ஊட்டிப் பக்கம் ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் லேப்ல உதவியாளரா இருக்கேன், முறையா பாட்டு கத்துக்கிட்டவன் எல்லாம் இல்ல. ஆர்வம் இருக்க பசங்களோட சேந்து காலேஜ்ல சாதாரணமா கேக்குற சத்தத்தையெல்லாம் பதிவு பண்ணி, வெட்டி ஒட்டி, வாத்தியமே இல்லாம ஒரு உருப்படியா கோக்குற வேல பண்ணிட்டிருக்கேன். சவுண்ட்ஸ்கேப் கம்போசிஷன்னு இதுக்குப் பேரு. நாங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல. 1948லயே பாரிஸ்ல பியர் ஷேஃபர்ங்கிறவர் ரயில் ஸ்டேஷனுக்குப் போயி இன்ஜின், சக்கரம், விசில்னு பதிவு பண்ணி அதையே வெட்டிச் சேத்து ரேடியோல போட்டுட்டாரு, அதுவும் டேப் இல்லாம இசைத்தட்டுல பதிஞ்சே பண்ணினாரு. அப்புறம் கனடாவுல சைமன் ஃப்ரேசர் யுனிவர்சிட்டில மர்ரே ஷேஃபர்னு ஒருத்தர், பேரு கிட்டத்தட்ட ஒண்ணுதான் ஆனா ஆள் வேற, ஒரு குரூப் சேத்துக்கிட்டு வான்கூவர் ஊரோட சத்தத்தையே பதிவு பண்ணி 1973ல ரெக்கார்டா கொண்டு வந்தாங்க. ஒரு ஊர்ல அடியில சதா ஓடிட்டே இருக்க சத்தம் ஒண்ணு, நம்மள நிமிந்து பாக்க வைக்கிற சத்தம் ஒண்ணு, அந்த ஊர்னாலே ஞாபகத்துக்கு வர்ற சத்தம் ஒண்ணுன்னு அவர் பிரிச்சு வச்சது எங்களுக்கு இன்னைக்கும் உதவுது. எங்க வளாகத்துல அடியில ஓடுறது கற்பூர மரத்துல அடிக்கிற காத்து, நிமிர வைக்கிறது பெல்லு, மூணாவது என்னங்கிறதுலதான் பசங்களுக்குள்ள எப்பவும் சண்ட, ஒருத்தன் மலை ரயில்ங்கிறான், ஒருத்தி தகரக் கூரை மேல குரங்கு ஓடுறதுங்கிறா. எனக்குக் குரங்குதான்.

இதுல முதல் வில்லன் நம்ம போன்தான் சார். பேச்சுக்காகன்னே செஞ்ச மைக், பின்னாடி இருக்கறத இரைச்சல்னு முடிவு பண்ணி அதுவே குறைச்சிடும், நமக்கு வேண்டியதே அந்தப் பின்னாடி சத்தம்தான். இன்னொண்ணு, சுத்தி அமைதியா இருந்தா தானா சவுண்ட ஏத்திக்கும், பெல் அடிச்ச உடனே தானா இறக்கிடும், கடைசில எல்லாம் ஒரே உசரத்துல சப்பையா கிடக்கும். ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்ட்மெண்ட ஆஃப் பண்ண விடுற ரெக்கார்டர் ஆப் இருக்கு, அதுல சுருக்காத வேவ் ஃபைலா, 48 கிலோஹெர்ட்ஸ்ல எடுக்கணும், வாட்ஸ்ஆப்ல ஆடியோவா அனுப்பி வாங்கவே கூடாது, அது சுருக்கிட வாய்ப்பு இருக்கு. காசு இருந்தா கைல வச்சுக்கற மாதிரி சின்ன ரெக்கார்டர் வாங்கலாம். அடுத்த வில்லன் காத்து. ஜூன் ஜூலை மலைக் காத்துல மைக்க நீட்டுனா வெறும் டமடமதான் கேக்கும். கடையில அதுக்குன்னு முடி வச்ச உறை விக்கிறாங்க, நாங்க மங்கி குல்லாவத்தான் மாட்டி விடுறோம், முழுசா நிக்காது, பாதி அடங்கும், மீதிய கம்ப்யூட்டர்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்க கட்டை சத்தத்த வெட்டி எடுத்துக்கலாம். அப்புறம் பதிவு ஆரம்பிக்கிறப்ப எடம், தேதி, நேரம் மூணையும் வாயால சொல்லிடணும், இத சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது, ஒரு பையனும் கேக்க மாட்டேங்கிறான்.

மலைல பதிவு பண்றதுல ஒரு வசதி இருக்கு, கீழ இருக்கவங்களுக்கு அது கிடைக்காது. கோயம்புத்தூர்லயோ மதுரைலயோ ஒரு வகுப்பறைய பதிவு பண்ணுனா மேல ஃபேன் ஓடிட்டே இருக்கும், எல்லா வகுப்பும் ஃபேனாத்தான் கேக்கும். ஊட்டில வகுப்புக்கு ஃபேன் எதுக்கு? அதனால எங்க காலி வகுப்பறைல நிஜமாவே காலியா இருக்கறது பதிவாகும். ட்யூப் லைட் சோக்கு ஒரு மெல்லிசான ரீங்காரம் போடும், கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால அது 100 ஹெர்ட்ஸ்ல வரும், அது மேல யாரோ ஸ்வெட்டர் ஜிப்ப இழுக்குறது, மரத் தரைல ஷூ, ஜலதோஷம் புடிச்ச மூக்கு. இது எல்லாம் தனித்தனியா கேக்கும். குளிர்காலத்துல விடியக்காலம் உறைபனி விழுற நாள்ல இன்னொரு வேடிக்க, பள்ளத்துல குளிர் காத்து தேங்கி நிக்கும், அதுக்கு மேல இருக்க காத்து கொஞ்சம் சூடா இருக்கும், மேல போற சத்தம் வளைஞ்சு திரும்பக் கீழ வந்துடும், அதனால பஸ் ஸ்டாண்ட்ல கண்டக்டர் விசில் அடிக்கறது கூட எங்க மைதானத்துல பக்கத்துல அடிக்கற மாதிரி கேக்கும். வெயில் ஏறினா இது தலகீழ், சத்தம் மேல் நோக்கி வளைஞ்சு போயிடும். ஒரே எடத்துல ரெண்டு நேரத்துலயும் எடுத்து வச்சு பசங்களுக்குப் போட்டுக் காட்டினா பாடம் நடத்த வேண்டியதே இல்ல.

சத்தத்தச் சேக்குறதுதான் இதுல கஷ்டமான வேல, அங்கதான் எல்லாரும் புல்லாங்குழலுக்கு ஓடிடுறாங்க. எங்க கேன்டீனச் சொல்றேன். டீ மாஸ்டர் பாய்லர் குழாயத் தொறந்து பால் ஜக்குக்குள்ள நீராவி விடுறப்ப முதல்ல கீச்சுன்னு ஒரு சத்தம், அப்புறம் பால் சூடாக ஆக அது கட்டையாகி கொரகொரன்னு வந்து நிக்கும். ஒரு பொண்ணு குன்னூர் ஸ்டேஷன்ல நீராவி இன்ஜின் நிக்கறப்ப ஆவி விடுறத எடுத்துட்டு வந்திருந்தா. பாய்லர் சத்தம் மெல்ல தேஞ்சுட்டு வர்ற எடத்துல இன்ஜின் ஆவிய மெல்ல ஏத்தினா எங்க மாறுச்சுன்னே தெரியாது, கேன்டீன்ல டீ கிளாஸ் கைல இருக்க மாதிரியே இருக்கும், திடீர்னு பாத்தா தண்டவாளத்துப் பக்கத்துல நிக்கிறோம். இதுக்கு எதுக்கு சார் வாத்தியம்? நம்ம ஊட்டி பேக்கரி வர்க்கிய மைக்குக்கு ரெண்டு விரக்கட தூரத்துல வச்சு ஒடைச்சுப் பாருங்க, அடுக்கடுக்கா நொறுங்கும், அத வேகத்தப் பாதியா குறைச்சுப் போட்டா காட்டுல சுள்ளி ஒடியற மாதிரி கேக்கும். கெமிஸ்ட்ரி லேப்ல பர்னர் உறுமுறது, கண்ணாடிக் கம்பி பீக்கர்ல படறது, மூடுபனி வெலகினப்புறம் மரத்துல இருந்து சொட்டுச் சொட்டா தகரத்துல விழறது, எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடக் கூடாது. பசங்க பண்றது அதுதான், எடுத்த எல்லாம் ஆச, ட்ராக் மேல ட்ராக் அடுக்கி கூழாக்கிடுவாங்க. கிட்ட ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு இருந்தாப் போதும், அப்பப்ப நிறுத்தி மூச்சு விடணும். பெரிய ஹாலோட எதிரொலி வேணும்னா ஹால்ல ஒரு பலூன ஒடைச்சு அந்த ஒடையற சத்தத்தப் பதிவு பண்ணிக்கிட்டா, கம்ப்யூட்டர்ல வேற எந்தச் சத்தத்தையும் அந்த ஹாலுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆக்கிடலாம், எங்க பசங்க அத வச்சு வர்க்கி ஒடையறத ஆடிட்டோரியத்துல ஒடையறதா பண்ணி சிரிச்சுட்டே இருந்தாங்க.

கேக்குறவங்கள சத்தத்துக்குள்ள உக்கார வைக்கறதுக்கும் பெரிய செலவு கிடையாது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பின்னாடி 5.1 சவுண்ட் வசதி இருந்தா பச்ச ஜாக்குல முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர், கறுப்பு ஜாக்குல பின்னாடி ரெண்டு, சத்தத்த வெட்டி ஒட்ட ஆடாசிட்டின்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், அதுல நாலு ட்ராக்கா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு வகுப்பறை நாலு மூலைலயும் ஸ்பீக்கர வச்சு லைட்ட அணைச்சிட்டா போதும். குரங்கு பின்னாடி மூலைல இருந்து முன்னாடி மூலைக்கு ஓடறப்ப எங்க எச்ஓடி சார் தலையக் குனிஞ்சுட்டாரு. ரெண்டு காதுலயும் குட்டி மைக் மாட்டிக்கிட்டு நடந்தும் எடுக்கலாம், ஆனா அத ஹெட்போன்லதான் கேக்கணும், ஸ்பீக்கர்ல போட்டா அந்த ஜாலம் வராது.

ஹார்ன் விஷயத்துல எனக்கும் பசங்களுக்கும் ஒத்துப் போகல. ஏப்ரல் மே சீசன்ல எந்த எடத்துல மைக் வச்சாலும் டூரிஸ்ட் வேன் ஏர் ஹார்ன் உள்ள வந்துடும், பசங்க அத வெட்டிட்டு சுத்தமா போடலாம்ங்கிறாங்க, நான் விட மாட்டேன்னுட்டேன். 2000த்துல வந்த ஒலி மாசு விதிகள்படி காலேஜ், ஆஸ்பத்திரி, கோர்ட்ட சுத்தி 100 மீட்டர் வரைக்கும் அமைதி மண்டலமா அறிவிக்கலாம், அங்க பகல்ல 50 டெசிபல், ராத்திரி 40 டெசிபல்தான் அளவு. போர்டெல்லாம் இருக்கு. போர்டுக்குக் கீழயே நின்னு எடுத்த பதிவுல லெக்சரர் குரல ஹார்ன் விழுங்குதுன்னா அத வெட்டி எறிஞ்சுட்டு குருவிய மட்டும் காட்டறது பொய்யில்லையா? நல்லா தெரியற மாதிரி வைக்கணும், கேக்குறவங்களுக்கு எரிச்சல் வரட்டும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிப்பா வெட்டிடுவோம், யாரோட சொந்தப் பேச்சு தெளிவாக் கேட்டாலும். கேன்டீன் கசமுசா இருக்கலாம், ஆனா அதுல ஒரு பொண்ணு வீட்டுக் கஷ்டத்தச் சொல்றது புரிஞ்சா அது எங்களோடது இல்ல. ஹாஸ்டல், ஸ்டாஃப் ரூம் உள்ள எல்லாம் கேக்காம ரெக்கார்டர எடுக்கவே கூடாது.

இதெல்லாம் ஏன் இப்ப அவசரமா சொல்றேன்னா, எங்க காலேஜ்ல தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு, அட்டெண்டர் அண்ணன் இரும்புக் கம்பில அடிப்பாரு, அடிச்ச சத்தம் அடங்கினப்புறமும் கிட்ட போனா ஒரு முனகல் ரொம்ப நேரம் கேக்கும், சாயங்காலம் லாங் பெல் அடிச்சா எதிர் மலைல தோட்டத்துல இருக்கவங்களுக்கே மணி தெரியும். இப்ப எலக்ட்ரானிக் பெல் வந்துடுச்சு, டைம் செட் பண்ணிட்டா அதுவே அடிக்கும், கூடவே ஒரு லேடி வாய்ஸ் இங்கிலீஷ்ல பேசுது. தகரக் கூரை போயி கான்கிரீட் வந்துட்டு இருக்கு, மழைல ஒழுகின கூரை போறது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல, ஆனா மழை பெஞ்சா லெக்சரர் பாடத்த நிறுத்திட்டு நிக்கிற அந்த நேரமும் கூடவே போகுது. நான் சொன்ன அந்தக் கனடா குரூப் 1975ல ஐரோப்பாவுல அஞ்சு கிராமத்துக்குப் போயி சத்தங்களப் பதிவு பண்ணினாங்க. அது கைல இருந்ததாலதான் 2000த்துல ஃபின்லாந்து ஆராய்ச்சிக்காரங்க அதே கிராமங்களுக்குத் திரும்பப் போயி என்ன மாறியிருக்குன்னு காதால பாக்க முடிஞ்சுச்சு. நம்ம மலைல காலேஜ் எத்தன இருக்கு, ஸ்கூல் எத்தன இருக்கு, எதுலயாவது நேத்து அடிச்ச பெல் தேதியோட இருக்கா?

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான் சார். வருஷா வருஷம் மாணவர் பக்கத்துல போட்டோ போட்டி நடத்துறீங்க, இந்த வருஷம் கூடவே சத்தத்துக்கும் ஒண்ணு வைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், சொந்த வளாகத்துல சொந்தமா எடுத்ததா இருக்கணும், வாத்தியம், சினிமா பாட்டு, நெட்ல எடுத்த விசில் மூணுக்கும் இடமில்லன்னு விதிலயே போட்டுடுங்க. வெட்டாத ஒரிஜினல் ஃபைலையும் எடம் தேதியோட வாங்கி வச்சுக்கோங்க. ஜெயிச்சத பேப்பர்ல எப்படிக் கேக்க வைக்கறதுன்னு யோசிக்காதீங்க, ராசிபலன் பக்கத்துல கூட க்யூஆர் கோடு அடிக்கிறீங்க, இதுக்கும் ஒண்ணு அடிங்க, கீழ ஹெட்போன்ல கேக்கவும்னு ஒரு வரி போதும். அரசுப் பள்ளிகள்ல 2022ல இருந்து கலைத் திருவிழா நடக்குது, அதுலயும் இத ஒரு பிரிவா சேத்தா கூடலூர் புள்ளைங்களும் கோத்தகிரி புள்ளைங்களும் என்ன கொண்டு வருவாங்கன்னு கேக்க எனக்கு ஆசையா இருக்கு, கல்வி அதிகாரிங்க உங்க பேப்பர்தான் படிக்கிறாங்க, பாத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் உதவியாளர்,
ஊட்டி.
பேரு போட வேண்டாம் சார், எச்ஓடி குனிஞ்சத எழுதிட்டேன்.