.44 மேக்னம் வாங்கிய நண்பனுக்கு

பாய்சி, ஐடஹோ

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மகளுக்குக் கல்லூரியில் விரும்பிய பாடமே கிடைத்ததும், நீண்ட யோசனைக்குப் பின் நீ ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வரை வாங்கிவிட்டதும் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். கடையில் .44 மேக்னம் தோட்டா விற்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் இனி வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து (இனி மருந்து என்றே சொல்கிறேன்), வாயில் குண்டு. சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது கூடு மட்டுமே. அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிவதால்தான் செலவு குறைகிறது. ஆனால் மிச்சம் பிடிக்கலாம் என்று தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அதே பணத்துக்கு அதிகமாகச் சுடுகிறார்களே ஒழிய, பணத்தைச் சேர்ப்பதில்லை. நான் இதை விரும்பிச் செய்வதற்குக் காரணம், தோட்டாவின் வேகத்தை நமக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். தொழிற்சாலையில் முழு வலுவில் செய்த, 240 கிரெயின் எடைக் குண்டுள்ள தோட்டாவைச் சில பெட்டிகள் தொடர்ந்து சுட்டால் கை நோவதோடு, விசையை அழுத்தும்போதே உடம்பு முன்கூட்டி அதிரப் பழகிவிடுகிறது. நடுத்தர வலுவில் நாமே செய்த தோட்டாவில் அந்தப் பழக்கம் ஒட்டாது.

உன் ரிவால்வருக்குரிய தோட்டா பிறந்ததே வீட்டில் மருந்து நிரப்பிய ஒருவரால்தான் என்பது உனக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் ஐடஹோவின் சாமன் ஊரில் வாழ்ந்த எல்மர் கீத், 1907-இல் வந்த .44 ஸ்பெஷல் கூட்டில் கனமான குண்டையும் அதிக மருந்தையும் வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். அவர் முதலில் .45 கோல்ட் துப்பாக்கிகளில்தான் முயன்றார். அவற்றில் சில வெடித்துப் போயின. .44 அளவில், தோட்டாக்கள் அமரும் உருளையின் அறைச் சுவர் கூடுதல் தடிமனாக இருந்ததால் அதற்கு மாறினார். அவருடைய இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பிறகே ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் சேர்ந்து .44 மேக்னத்தை உருவாக்கின; 1956-இல் அது விற்பனைக்குப் பரவலாக வந்தது. ஸ்பெஷல் கூட்டைவிட மேக்னம் கூடு சுமார் எட்டில் ஒரு அங்குலம் நீளம். வலுவான தோட்டா தவறியும் பழைய, வலுக்குறைந்த துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளத்தைக் கூட்டினார்கள். ஸ்பெஷலுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மருந்தின் அளவைச் சொல்லும் கையேட்டில் ஒரு வரி தள்ளிப் படிப்பதன் விளைவு என்னவாகும் என்று புரியும்.

இந்தக் கடிதத்தில் எத்தனை கிரெயின் மருந்து போட வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. என்னிடமிருந்து மட்டுமல்ல, துப்பாக்கிச் சுடுகளத்தில் பழகும் எவரிடமிருந்தும் அந்த எண்ணை வாய்வழியாக வாங்காதே. லைமன், ஹார்னடி, ஸ்பீர் ஆகிய நிறுவனங்கள் கையேடுகளை அச்சிடுகின்றன. அவற்றில் குறைந்தது இரண்டையாவது வாங்கி, மருந்து செய்யும் நிறுவனமே வெளியிடும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார். ஒரு கிரெயின் என்பது ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. நம் ஊர்ப் பொற்கொல்லர் தராசில் வைத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அவ்வளவு சிறிய அளவில் நினைவை நம்பக் கூடாது.

இனிக் கருவிகள். கூட்டை டைக்குள் அழுத்தும் கருவியைப் பிரஸ் என்பார்கள். ஒரே இழுப்பில் ஒரே வேலையைச் செய்யும் ஒற்றை நிலைப் பிரஸ்ஸை வாங்கு. ஆர்சிபிஎஸ், லீ இரண்டுமே நல்லவை. கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா விழுகிற படிமுறைப் பிரஸ்ஸைக் கடைக்காரர் உனக்குக் காட்டுவார். அது நல்ல கருவிதான், ஆனால் முதல் ஆண்டுக்கு உரியது அல்ல. அதில் ஒரே நேரத்தில் நான்கைந்து வேலைகள் நடக்கும். எது சரியாக நடக்கவில்லை என்று பார்க்க உன் கண் இன்னும் பழகவில்லை. அதோடு கார்பைடு என்ற கடினமான உலோக வளையம் பதித்த டை (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு) வாங்கினால், உன்னுடையதைப் போன்ற நேர்க்கூட்டுக்கு எண்ணெய் பூசும் வேலை மிச்சம். தராசு ஒன்று, அதைச் சரிபார்க்க எடைக்கட்டிகள், நீளம் அளக்க ஒரு காலிப்பர், கூடுகளை நிறுத்த ஐம்பது துளைகள் உள்ள மரத்தட்டு ஒன்று, கண்ணைக் காக்கும் கண்ணாடி. இவ்வளவு போதும்.

வேலையின் வரிசை கடினமானது அல்ல. கழுவிய கூட்டை முதல் டையில் ஏற்றினால் பழைய பிரைமர் வெளியே விழும், சுட்டபோது விரிந்த சுவர் பழைய அளவுக்குத் திரும்பும். இரண்டாவது டை வாயைச் சற்றே விரிக்கிறது. குண்டின் அடி உள்ளே நுழைந்து நிற்கும் அளவுக்குத்தான் விரிக்க வேண்டும். அதற்குமேல் விரித்தால் பித்தளை சீக்கிரம் விளிம்பில் கீறிவிடும். பிறகு பிரைமர். ரிவால்வரில் இந்த இடத்தில் கூடுதல் கவனம் தேவை: பிரைமர் கூட்டின் அடிப்பரப்புக்கு மயிரிழை கீழே அமர வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் உருளை சுழலும்போது பின்தகட்டில் உராய்ந்து இறுகும். ஒவ்வொரு கூட்டையும் தலைகீழாகப் பிடித்து ஆள்காட்டி விரல் நுனியால் அடியைத் தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பிரைமர் அழுத்தும்போது கண்ணாடியைக் கழற்றாதே.

மருந்துதான் முக்கியம். மிக விரைவாக எரியும் மருந்துகள் சில, .44 மேக்னம் கூட்டின் அடியில் ஒரு மெல்லிய படுகையாகக் கிடக்கும் அளவுக்குக் கொஞ்சமே வேண்டியவை. சிக்கனம் கருதிப் பலர் அவற்றை வாங்குகிறார்கள். அதில் இருமுறை போட்டாலும் கூடு நிரம்பாது, குண்டு எளிதாக அமர்ந்துவிடும், சுடும்போதுதான் தெரியும். தொடக்கத்தில் உனக்கு வேண்டியது கூட்டின் பாதிக்கு மேல் நிரம்பி நிற்கும் மருந்து; தவறி இரண்டாம் முறை போட்டால் அது வெளியே வழிந்து உன்னை எச்சரிக்கும். கீத் பயன்படுத்திய 2400 என்ற மருந்து இப்போது அலையன்ட் பெயரில் கிடைக்கிறது. நான் அதைத்தான் உனக்குச் சொல்வேன். ஹாட்ஜன் எச்110, வின்செஸ்டர் 296 என்று இரண்டு பெயர்களில் விற்கும் ஒரே மருந்தை இப்போதைக்குத் தள்ளிவை. அது முழு வலுவுக்கு மிகச் சிறந்தது, ஆனால் அட்டவணையில் உள்ள உச்ச அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது. மற்ற மருந்துகளில் பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது பொது வழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் புடைத்துவிடும். சுடும்போது ஓசையோ அதிர்வோ வழக்கத்தைவிடக் குறைந்தால், உடனே நிறுத்திக் குழலை ஒளி பாய்ச்சிப் பார்.

தட்டில் உள்ள எல்லாக் கூடுகளுக்கும் மருந்து போட்டு முடித்ததும் குண்டு வைப்பதற்கு முன் தட்டை விளக்கின் அடியில் சாய்த்து, வரிசை வரிசையாக உள்ளே பார். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தோ உயர்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி எடைபோடு. அந்த நேரத்தில் மேசையில் ஒரே ஒரு மருந்துக் குடுவைதான் இருக்கலாம். தொலைபேசியும் பேச்சுத் துணையும் வேண்டாம்.

அடுத்து, கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்கும் வேலை. இங்கே கிரிம்ப் என்பார்கள். கைத்துப்பாக்கியில் வேறெங்கும் இது இவ்வளவு முக்கியம் அல்ல. .44 மேக்னம் பின்னோக்கி உதைக்கும்போது, உருளையில் காத்திருக்கும் மற்ற ஐந்து தோட்டாக்களும் துப்பாக்கியோடு பின்னே இழுக்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் குண்டுகளோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. பிடி தளர்வாக இருந்தால் குண்டு கூட்டிலிருந்து மெல்ல வெளியே நகர்ந்து, உருளையின் முகப்பைத் தாண்டி நீண்டு, உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். ஆகவே சுற்றிலும் வரிப்பள்ளம் உள்ள 240 கிரெயின் உறைக்குண்டை (ஈயத்தின் மேல் உலோக உறை போட்ட குண்டு) வாங்கி, கூட்டின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு மடியும்படி டையைச் சரிசெய். போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு: ஆறாவது தோட்டாவின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள், மற்ற ஐந்தையும் சுடு, பிறகு அந்த ஆறாவதை வெளியே எடுத்து மறுபடி அள. நீளம் கூடியிருந்தால் பிடி போதவில்லை.

பிரைமர் தட்டையாகிவிட்டதா என்று பார்த்து அழுத்தத்தை மதிப்பிடலாம் என்பார்கள். ரிவால்வரில் அதை நம்பாதே. உன் சூப்பர் பிளாக்ஹாக்கில் சுட்ட கூட்டை ஒவ்வொன்றாகத் தள்ளுகோலால் வெளியேற்றுவாய். அது விரலின் லேசான அழுத்தத்துக்கு வர வேண்டும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டாய் என்று கொண்டு, மீதித் தோட்டாக்களைச் சுடாமல் பிரித்துவிடு.

சில சிறு விஷயங்கள். சுட்ட கூடுகளைத் தேய்த்துக் கழுவும் தூசியில் ஈயம் இருக்கும். பிள்ளைகள் வரும் அறையில் அதைச் செய்யாதே, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, மேசையருகே காபி வேண்டாம். மருந்தை அது வந்த குடுவையிலேயே வைத்திரு. சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்கும் தொழிலாகச் செய்வதற்குத்தான் தேவை. நான் செய்ததைப் பிறர் துப்பாக்கியில் சுடக் கொடுப்பதில்லை, பிறர் செய்ததை என் துப்பாக்கியில் சுடுவதுமில்லை. நீ எனக்கு எவ்வளவு நெருக்கமானவன் என்பது உனக்குத் தெரியும். உனக்கும் இதே விதிதான்.

முதல் முறை ஐம்பது செய்யாதே. ஆறு மட்டும் செய்து, சுட்டு, அளந்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த ஆறுக்குப் போ. நவம்பர் விடுமுறையில் நாங்கள் அரிசோனா வருவதாக இருக்கிறோம். அதற்குள் பிரஸ்ஸை மேசையில் திருகி நிறுத்தி, தராசைச் சரிபார்த்து வைத்திருந்தால் முதல் நிரப்பை இருவரும் சேர்ந்து செய்யலாம். கையேட்டில் எந்தப் பக்கத்தை, எந்தக் குண்டுக்கு, எந்தப் பிரைமரோடு தேர்ந்தாய் என்று அதற்கு முன் எனக்கு எழுது. நானும் என் பிரதியில் அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கதிரேசன்