பேசியவர்கள் பெயரை எழுதாதீர்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கல்வியாளர் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து, பிள்ளையையும் அரசுப் பள்ளிக்கே அனுப்பும் ஒரு அம்மா. பாடத்திட்டம், தேர்ச்சி விகிதம் பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கரும்பலகை ஓரத்தில் இருக்கும் ஒரு பட்டியலைப் பற்றி.

'பேசியவர்கள்' என்று தலைப்பு. கீழே ஐந்தாறு பெயர்கள். பெயர் எழுதிய பிறகும் வாயை மூடாதவனுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அப்புறமும் பேசினால் இன்னொன்று. டீச்சர் உள்ளே வந்ததும் பட்டியலில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுதுகிறவர் கிளாஸ் லீடர். அந்த லீடரை வகுப்பு தேர்ந்தெடுக்கவில்லை, டீச்சர்தான் கை காட்டினார். நன்றாகப் படிக்கிற பிள்ளையாக இருக்கும், இல்லையென்றால் கடைசி பெஞ்சில் உயரமாக இருக்கிற பையன். ஒரு கடலை மிட்டாய்க்குப் பெயர் அழியும் என்பது மூன்றாம் வகுப்பிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதிகாரம் என்றால் என்ன என்று ஒரு குழந்தை முதன்முதலில் பார்ப்பது இங்கேதான்: மேலிருப்பவர் நியமிப்பார், நியமிக்கப்பட்டவர் காட்டிக்கொடுப்பார், கையில் ஏதாவது இருந்தால் தப்பிக்கலாம்.

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் மக்களாட்சி என்று ஒரு பாடமே இருக்கிறது. அதை நடத்துகிற அறையின் பலகையிலும் இந்தப் பட்டியல் இருக்கும்.

ஜான் டூயி என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1896-இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். பிள்ளைகளுக்கு ஏற்ற மேசை நாற்காலி தேடிக் கடைகடையாக அலைந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் விஷயத்தை உடைத்துவிட்டார்: நீங்கள் கேட்பது பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்கிற மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் பாடம் கேட்பதற்கான மேசை. நம் ஊரில் 2025 ஜூலையில் 'ப' வடிவில் இருக்கைகளைப் போடலாம் என்று பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? கழுத்து வலிக்கும், பலகை தெரியாது, அறையில் இடம் போதாது என்று எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் பெஞ்சைத் திருப்பிப் போட்டாலும் பலகையில் அந்தப் பட்டியல் இருந்தால் என்ன மாறிவிடும் என்று அன்றைக்கு யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

டூயி நமக்கு அந்நியர் இல்லை. 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கருக்கு அவர் ஆசிரியர். ஜனநாயகம் வெறும் ஆட்சிமுறை அல்ல, மனிதர்கள் சேர்ந்து வாழ்கிற முறை என்ற டூயியின் கருத்தை 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரையில் அம்பேத்கர் எடுத்தாண்டார். மாநாட்டை நடத்த இருந்தவர்கள் உரையைப் பார்த்துவிட்டு மாநாட்டையே ரத்து செய்தார்கள். பிறகு அம்பேத்கரே தன் செலவில் அதை அச்சிட்டு வெளியிட்டார்.

சேர்ந்து வாழ்வது என்று சொல்வது சுலபம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பிளஸ் டூ மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அவன் செய்ததெல்லாம், சாதியை வைத்துத் தன்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் சொன்னதுதான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை என்று பல பரிந்துரைகள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம், அவிழ்ப்பார்கள். பக்கத்தில் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். ஆனால் ஒருவனுக்கு அநியாயம் நடக்கும்போது வகுப்பே அதைப் பற்றி வாய் திறந்து பேசுவதற்கு, அதற்கு முன்னால் சின்னச் சின்ன விஷயங்களைப் பேசிப் பழகியிருக்க வேண்டும். பழக எங்கே இடம் கொடுத்தோம்?

சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, குழந்தையைப் பயத்திலிருந்து விடுவித்து, தன் கருத்தைத் தயங்காமல் சொல்ல உதவ வேண்டும் என்கிறது.

உங்கள் பக்கமும் தெரியும். டீச்சர் ஈமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதியப் போய்விட்டால் நாற்பது பிள்ளைகளை யார் பார்ப்பது? ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அமைதி தேவைதான். ஆனால் ஆள் இல்லாத குறைக்கு ஒன்பது வயதுப் பிள்ளையைப் போலீஸ் ஆக்குவது தீர்வில்லை. ஆள் கேட்டு மேலே எழுதுங்கள், கையெழுத்துப் போட நாங்கள் வருகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டியலை நிறுத்துங்கள். லீடரை வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும், மாதம் ஒருவராக மாறட்டும், எல்லோருக்கும் முறை வரட்டும். வாரத்தில் ஒரு பீரியடு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடாக இருந்தாலும் சரி, வகுப்புக் கூட்டம் நடக்கட்டும். அதில் பிள்ளைகள் எடுக்கிற முடிவில் ஒன்றையாவது நிஜமாகவே நிறைவேற்றுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று அவர்கள் முன்னால் நின்று சொல்லுங்கள். எதில் தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டாம். கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். ஒரு பீரியடு போதாது.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா