சமையலறை நாட்காட்டிக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

வடக்குக் கார்டினல் என்ற வட அமெரிக்கப் பறவை பற்றிய எங்கள் ஆய்வைத் தொடரலாம் என்று நேற்று மாலை கடிதம் வந்துவிட்டது. யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. கை நடுக்கம் அடங்கும் முன் நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மனுவில் கையெழுத்திட்டவர்கள், காரை இரவல் தந்த அண்ணன், வாடகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வீட்டுக்காரர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கொலம்பஸ் நகரில் எனக்குச் சோறு அனுப்பிக்கொண்டே இருந்த தமிழ்க் குடும்பங்கள் (டப்பாக்கள் பத்திரமாக இருக்கின்றன, அக்கா) எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

மீதி மடல் ஒருவருக்கு. ஒலென்டாஞ்சி ஆற்றங்கரைக் காட்டை ஒட்டிய வீட்டில் தனியாக வாழும் அம்மையார் அவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் காட்டுக்குள் கால் வைக்க முடியாமல் கிடந்த வசந்தம் முழுவதும், யாரும் கேட்காமலே அவர் தன் சமையலறை நாட்காட்டியில் எங்கள் கார்டினல்களுக்கு வருகைப் பதிவு எடுத்திருக்கிறார். விடியலின் அரையிருட்டில் முதலில் வந்து, அந்தியில் கடைசியாகப் போகும் பறவை அது. அவரும் அந்த இரு வேளையும் ஜன்னலோரம் உட்கார்ந்து, சூரியகாந்தி விதைத் தட்டுக்கு வந்த ஒவ்வொன்றின் காலிலும் அடையாளத்துக்காக நாங்கள் மாட்டிய வண்ண வளையங்களை நிறம் பார்த்து எழுதியிருக்கிறார். இடக்கால், வலக்கால், மேலே, கீழே.

இது ஏன் இவ்வளவு பெரிய உதவி? வடக்குக் கார்டினல் வலசை போவதில்லை. பனியிலும் வெயிலிலும் ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில்தான் இருக்கும். ஓர் ஆண்டுப் பதிவு விடுபட்டால், கண்ணில் படாத பறவை செத்துவிட்டதா, நாங்கள்தான் போகவில்லையா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதே ஊர்க் காடுகளில் பறவை ஆய்வாளர் அமண்டா ரோடுவால்ட் குழுவினர் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்ததால்தான், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய ஹனிசக்கிள் புதரின் பழங்கள் ஆண் பறவையின் சிவப்பையும் கூடுகளின் தலைவிதியையும் எப்படிக் குழப்புகின்றன என்பது வெளிப்பட்டது. பென்சில்வேனியாவில் ஒரு பெண் கார்டினல் 15 ஆண்டு 9 மாதம் வாழ்ந்தது என்று நமக்குத் தெரிவதும் யாரோ அதன் கால் வளையத்தைப் படித்ததால்தான்.

நாட்காட்டியில் என்னை அசைத்தது வேறொன்று. பல கட்டங்களில் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். "சிவப்போ ஆரஞ்சோ, வெளிச்சம் போதவில்லை." "ஒற்றைக் காலில் நின்றது." எந்த இடத்திலும் ஊகத்தை உண்மையாக எழுதி வைக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களிடமும் இந்த ஒழுக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டம் காலியாக இருப்பது எங்களில் பலருக்கு ஏதோ அவமானம்.

பெண் பறவைகளையும் அவர் விடவில்லை. மங்கிய பழுப்பு என்பதால் பார்ப்பவர் கண் அதன் மீது நிற்பதில்லை. எல்லோரும் சிவப்பையே தேடுகிறார்கள். ஆனால் கார்டினலில் பெண்ணும் பாடும். கூட்டருகே இணைகள் மாறி மாறிப் பாடுவது குஞ்சுகளைப் பேணும் வேலையை ஒருங்கிணைக்க உதவலாம் என்று பறவை ஆய்வாளர் சில்வியா ஹால்கின் 1997இல் எழுதினார். வேலியோரப் புதரில் கூடு கட்டியிருந்த பெண் எந்தெந்தக் காலையில் அடைகாத்தபடியே பாடியது என்பதும், ஆண் அப்போது இரையோடு வந்ததா என்பதும் அந்தச் சிறு கட்டங்களில் பல் மருத்துவர், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு நடுவே நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. என் ஆய்வுத் திட்டத்தில் பெண்ணின் பாட்டுக்கு ஒரு பத்தியே இருந்தது. இனி அதற்குத் தனி அத்தியாயம் எழுதுவேன். அம்மையாரே, இது வாக்கு.

பறவைகளைப் பிடித்து வளையம் மாட்ட மார்ச்சில் மறுபடி வலை கட்டுகிறோம். உதவிக்கு வர விரும்புபவர்கள் விடியும் முன் வர வேண்டும். விதை உடைக்கும் அலகு விரலையும் பதம் பார்க்கும். இரத்தம் வந்தால் பறவையைத் திட்டக்கூடாது.

நாட்காட்டியின் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டவணையில், பதிவு செய்தவர் யார் என்ற இடத்தில் "சமையலறை நாட்காட்டி" என்று போடுவதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.