தண்ணீரைச் சோதிக்காமல் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தாலே தங்கள் நாளிதழின் விளம்பரப் பக்கங்களில் குடிநீர்ச் சுத்திகரிப்பான்கள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிடுகின்றன. ஆறு கட்டச் சுத்திகரிப்பு, எட்டுக் கட்டச் சுத்திகரிப்பு என்று ஒன்றையொன்று விஞ்சப் பார்க்கின்றனவே தவிர, எந்தத் தண்ணீருக்கு எது தேவை என்று எதுவும் சொல்வதில்லை. சமையலறைக் குழாய்க்கு ஒரு கருவி வாங்குமுன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை என் அனுபவத்தைக் கொண்டு எழுத விரும்புகிறேன்.

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேசைமேல் வைத்து, ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்த, நுண்சவ்வு வழியே உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, உலோகக் கம்பிகள் பொருத்திய சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். சற்று நேரத்தில் எங்கள் தண்ணீர், துருப்பிடித்த வாளியைக் கழுவி ஊற்றியதுபோலச் செம்பழுப்பாகிக் கசடு திரண்டது. அவருடையது தெளிவாகவே இருந்தது. “இதைத்தாம்மா இத்தனை நாளா குடிச்சிட்டிருந்தீங்க” என்றார். முப்பதாண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த எனக்கு அந்த வித்தை புதிதன்று. உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவருடைய டம்ளரில் போட்டுக் கலக்கி, மீண்டும் கம்பிகளை இறக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பாயிற்று. மின்சாரம் பாயும்போது கரைந்த இரும்புக் கம்பிதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. உப்புக்கள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது என்பதற்கு மேல் அச்சோதனை எதையும் காட்டுவதில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதற்குள் எங்கள் தளத்தில் மூன்று வீட்டார் முன்பணம் கட்டிவிட்டிருந்தனர்.

டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புக்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 வரையறுக்கிறது. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளிவிடுவதால், டி.டி.எஸ். 500-க்குக் குறைவான தண்ணீருக்கு அதைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. எங்கள் குடியிருப்பில், சென்னைக் குடிநீர் வாரியம் வழங்கும் மெட்ரோ தண்ணீரைத் தனியாகப் பிடித்து அளந்தபோது 320 காட்டியது. ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர் 1,450. பிற மாதங்களில் சமையலறைக்கு வருவது மெட்ரோ தண்ணீர் மட்டுமே என்றாலும், கோடையில் இரண்டும் ஒரே சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், கலந்துவிடுகின்றன. அந்த இரண்டு மாதங்களுக்காக ஆண்டு முழுவதும் ஆர்.ஓ. ஓட்டுவதா, சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்துவிட்டு, புற ஊதாக் கதிரால் கிருமிகளை அழிக்கும் யு.வி. கருவியோடு நிறுத்திக்கொள்வதா என்பதைத்தான் நாங்கள் முதலில் பேசியிருக்க வேண்டும். கழிவு நீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். போர் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கும். எங்கள் வீட்டுத் துளசி அதைக் குடித்து இலை நுனி கருகி நின்றது. வீடு துடைக்க அது போதும்.

டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று கருதுவது இன்னொரு பிழை. சாக்கடை கசிந்த தண்ணீரிலும் அந்தக் கருவி 200 என்று காட்டக்கூடும், ஏனெனில் கிருமிகள் அதன் கணக்கில் வருவதில்லை. கிருமிகளை அழிக்க யு.வி. விளக்கு உதவும், ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது என்பதால் அதற்கு முன்னால் வடிகட்டி இருக்க வேண்டும், எரிந்துகொண்டே இருந்தாலும் ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை விளக்கை மாற்றவும் வேண்டும். குளோரின் வாடையைப் போக்கும் கரி வடிகட்டி, கிருமிகளை அண்டவிடாமல் காத்துவந்த குளோரினையும் சேர்த்தே நீக்கிவிடுவதால், அதில் பிடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. குழாய் வாயிலேயே மாட்டும் சிறிய ஃபில்டர்கள், நம் தாய்மார்கள் கட்டிவைத்த வெள்ளைத் துணியைவிடச் சற்று மேலானவை, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரை அவை நல்ல தண்ணீராக்கிவிடாது.

இடத்துக்கு இடம் தேவை எப்படி மாறுகிறது என்பதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பார்க்கலாம். அங்கு பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. நிறமும் சுவையும் காட்டாத அந்த ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினாலும் அது போகாது; தண்ணீர் ஆவியாகச் செறிவு கூடவே செய்யும். அங்கே போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் யு.வி. கருவியை மாட்டினால் காசுதான் வீண்.

சென்னை கிண்டியிலுள்ள அரசின் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்திலும், மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். இருப்பினும் ஒவ்வொரு குடும்பமும் புட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. எனவே சென்னைக் குடிநீர் வாரியம், அரையாண்டுக்கொருமுறை எங்களிடம் வரி கேட்கும்போதே, அந்தந்தப் பகுதிக் குழாய் நீரின் டி.டி.எஸ்., கடினத்தன்மை, எஞ்சியுள்ள குளோரின், கிருமிச் சோதனை முடிவு ஆகிய நான்கையும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுக்குமாடிச் சங்கங்களும் கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை தத்தம் சம்ப்பின் நீரைச் சோதித்து, முடிவை மின்தூக்கிக்கு அருகில் ஒட்டிவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
ஆதம்பாக்கம், சென்னை.