கல்லைக் காட்டினீர்கள், கல்லுக்கு அடியில் இருப்பதைக் காட்டவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாசல் பாதையிலும் முற்றத்திலும் இயற்கைக் கல் பாவுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எந்தக் கல், என்ன நிறம், வரிசையாக அடுக்கலாமா, விசிறி மாதிரி அடுக்கலாமா என்பதிலேயே கட்டுரை முடிந்துவிட்டது. கல்லுக்கு அடியில் என்ன போட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல்தான் நான் ஒரே முற்றத்தை இரண்டு முறை போட வேண்டியதாயிற்று, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வாங்கியது கருங்கல், பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் இருக்கும் கனசதுரக் கற்கள். வேலைக்கு வந்தவர்கள் மேல் மண்ணைச் சுரண்டினார்கள், மணலைக் கொட்டிப் பரப்பினார்கள், கல்லை அடுக்கி இடுக்குகளில் சிமெண்ட் சாந்தை நிரப்பிவிட்டு மூன்றே நாளில் போய்விட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டியதும் கார் சக்கரம் ஏறும் இரண்டு தடமும் பள்ளமாகிவிட்டன, சாந்து வெடித்துத் துண்டு துண்டாகப் பெயர்ந்தது, மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் தண்ணீர் அப்படியே நின்றது. இவ்வளவுக்கும் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் எளிமையானது. மணல் படுக்கையில் உட்கார்ந்த கல், சக்கரம் ஏறும்போது மயிரிழை அளவு அசையும், அசையத்தான் வேண்டும். இடுக்கில் இருக்கும் சிமெண்ட் சாந்துக்கோ அசையத் தெரியாது, அதனால் வெடிக்கிறது, வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகிறது. சாந்துதான் வேண்டும் என்றால் அடியிலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டு, அதன் மேல் சாந்துப் படுக்கையில் கல்லைப் பதித்து, வெயிலில் தளம் விரிய இடம் தருவதற்காகச் சில மீட்டருக்கு ஒரு இடம் விரிவு இடைவெளி விட வேண்டும். அதுவும் சரியான முறைதான். அசையும் மணல் படுக்கையோ, அசையாத கான்கிரீட்டோ, இரண்டில் ஒன்றை முழுதாகச் செய்யுங்கள், பாதி இது பாதி அது என்று கலக்காதீர்கள்.

இரண்டாவது முறை நான் கூடவே நின்று செய்யவைத்தேன். கல்லுக்கு 10, படுக்கைக்கு 4, ஜல்லிக்கு 20 என்று கணக்குப் போட்டு 34 சென்டிமீட்டர் தோண்டினோம். எங்கள் மண் களிமண், ஜல்லியோடு கலந்துவிடாமல் இருக்க மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்தோம். ஜல்லியை மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 7, 8 சென்டிமீட்டர் பரப்பி, அதிர்வு இயந்திரத்தை ஓட்டி இறுக்கி, அப்புறம் அடுத்த அடுக்கு. அலுப்பான வேலை, சத்தமும் தாங்காது, ஆனால் காரின் எடையைத் தாங்கப்போவது அந்த அடுக்குகள்தான். கி.மு. 312-இல் ரோமில் தொடங்கிய ஆப்பியன் சாலையில் கல் பாவிய பகுதிகளை இன்றும் பார்க்கலாம் என்றால், அவர்களும் அடித்தளத்தை அடுக்கடுக்காகப் போட்டதால்தான்.

வாட்டத்தை ஜல்லி போடும்போதே கொடுத்துவிட வேண்டும், கல் அடுக்கும்போது மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மணல் எங்கே தடிமனாக இருக்கிறதோ அங்கே பின்னாளில் கல் இறங்கும். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் 60-க்கு 1 போதும், உளியால் பிளந்த கரடுமுரடான கல்லில் தண்ணீர் தயங்கித் தயங்கி ஓடும் என்பதால் நான் 40-க்கு 1 வைத்தேன், அதாவது 4 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. சுவரை ஒட்டி, கல் தளம் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கச் சுவரின் அடிப்பகுதியில் போடும் அடுக்கு) குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும்.

ஓரக்கல்லை முதலில் கான்கிரீட்டில் நிறுத்திவிடுங்கள், ஓரம் நகர்ந்தால் நடுவில் இருப்பதும் பிரிந்துவிடும். நீளமான இடுக்குகள் சக்கரம் போகும் திசைக்குக் குறுக்காக வரவேண்டும். எல்லாக் குவியல்களிலிருந்தும் கல்லைக் கலந்து எடுக்காவிட்டால் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். இடுக்கில் 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணை ஜல்லியைப் பெருக்கித் தள்ளி நிரப்பி, சில மாதம் கழித்து இறங்கிய அளவுக்கு மறுபடி போட வேண்டும். புல் முளைக்கத்தான் செய்யும், கையால் பிடுங்குங்கள், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோனால் குருணையெல்லாம் வெளியே வந்துவிடும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு, எனக்கு அது முக்கியம். என் அம்மா ஊன்றுகோலுடன் நடப்பவர். மேடும் பள்ளமுமான கல்லில் அவரால் நான்கு அடிகூட வைக்க முடியவில்லை, முதல் முறை இதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது வாசலிலிருந்து வெளிக்கதவு வரை ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் அதே கருங்கல், இயந்திரத்தால் அறுத்து, மேற்பரப்பைத் தீயால் சொரசொரப்பாக்கியது. மெருகேற்றிய கல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

போன மாதம் தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்தது. சுமார் 40 கல்லைப் பெயர்த்தோம், குழாயை மாற்றினோம், ஜல்லியை மறுபடி இறுக்கி அதே கற்களை அதே இடத்தில் வைத்தோம். எங்கே தோண்டினோம் என்று எனக்கே இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கான்கிரீட் தளமாக இருந்திருந்தால் உடைத்துப் பூசிய ஒட்டு நிரந்தரமாகத் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், அழகான நான்கு படங்களில் ஒன்றை எடுத்துவிட்டு, மண்ணிலிருந்து கல் வரை எந்த அடுக்கு எவ்வளவு தடிமன் என்று காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் போடுங்கள். வேலைக்கு ஆள் பேசும்போது வாசகர்கள் அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்