ஒரே மாதிரி, இரண்டு கத்தி

யாழ்ப்பாணம்,
கார்த்திகை மாதம்

அன்பின் குமார்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மாரி வடிவாகத் தொடங்கிவிட்டது. வெங்காயத் தோட்டக்காரருக்குத்தான் தண்ணீர் நிற்குமோ என்ற கவலை.

உன் கேள்விக்கு நேரே வருகிறேன். ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஒன்றாக வாங்கிய இரண்டு மடக்குக் கத்திகள். உன்னுடையதில் பூட்டுத் தகட்டின் தடிப்பில் முப்பது சதவீதம்தான் அலகின் அடியில் ஏறி நிற்கிறது. தம்பியுடையதில் முக்கால்வாசி ஏறிவிட்டது. இரண்டில் எது பழுது என்று கேட்டிருக்கிறாய். படத்தைப் பார்த்த அளவில் இரண்டும் நல்ல கத்திதான். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், கணக்கு விளங்கினால் பாதிக் கவலை போய்விடும்.

உங்கள் கத்திகளில் இருப்பது லைனர் பூட்டு. அதில் அலகு விரிந்ததும் உள்ளே இருக்கும் தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கிறது. அந்த முட்டும் முகம் நேராக வெட்டப்படுவதில்லை, 8 பாகை அளவில் சரிவாக இருக்கும். தேய்மானம் வந்தாலும் தகடு இன்னும் கொஞ்சம் ஏறி இறுக்கத்தைக் காக்கட்டும் என்பதற்காகத்தான் அந்தச் சரிவு. இனிக் கணக்கைப் பார். 8 பாகையின் தான்சன் 0.14. நீளவாட்டில் எங்கேயாவது 0.1 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால், தகடு பக்கவாட்டில் 0.1 ÷ 0.14, அதாவது 0.7 மில்லிமீற்றர் கூடுதலாக நகர வேண்டும். தகட்டின் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்று வை. 0.7 என்பது அதில் கிட்டத்தட்டப் பாதி. ஒரு தலைமயிரின் தடிப்பைவிடச் சற்றுக் கூடின வித்தியாசம், முப்பது சதவீதத்தை எழுபத்தைந்துக்கு மேல் கொண்டுபோய்விடும். உன் கத்திக்கும் தம்பியின் கத்திக்கும் இடையில் இருப்பது அவ்வளவுதான்.

அந்த 0.1 எங்கிருந்து வருகிறது? அலகு வந்து மோதி நிற்கும் தடையாணியின் விட்டம், அந்த ஆணிக்குத் துளை போட்ட இடம், அச்சாணிக்கும் அலகின் துளைக்கும் இடையிலுள்ள தளர்வு, தகட்டை வெட்டிய நீளம், தோய்ச்சலுக்கு, அதாவது உருக்கைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கியதற்கு, பிறகு அலகின் அடியைச் சாணை பிடித்த அளவு. ஒவ்வொன்றும் 0.02, 0.03 என்று வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான் இருக்கும். பெரும்பாலும் ஒன்றின் கூடுதலை இன்னொன்றின் குறைவு சமன்செய்துவிடும். சில கத்திகளில் மட்டும் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். கணக்கில் ஒரு உறுப்புக்கூடப் பிழையில்லை, ஆனால் கூட்டிப் பார்த்தால் விளிம்பில் நிற்கும் கத்தி. எங்கள் ஊர்க் கொல்லர் அடிக்கிற பாளைக்கத்தி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, அதை யாரும் குறை சொல்வதுமில்லை. அதில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய உறுப்புகள் இல்லை. மடக்குக் கத்தியில் எல்லாமே பொருத்தம்தான்.

விலை கூடின கத்திக்கு நாம் கொடுக்கும் காசில் ஒரு பகுதி உருக்குக்கல்ல, இந்தப் பொருத்தத்துக்குத்தான் போகிறது. அப்படிச் செய்பவர்கள் ஒவ்வொரு அலகையும் கையால் பொருத்தி, முட்டும் முகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து விடுவார்கள். கிறிஸ் ரீவ் கம்பனியின் செபென்சா என்ற விலை கூடின கத்தியில் அச்சாணியைச் சுற்றி ஒரு புஷ்ஷை, அதாவது சிறு குழாயை, அளவாக வைத்து, ஸ்குரூவை முழுதாக இறுக்கினாலும் அலகு இறுகாதபடி செய்தார்கள். மலிவான கத்தியில் அந்த வேலையை ஸ்குரூவைத் திருகும் உன் கை செய்ய வேண்டும். இருபது டொலர் கத்தி ஒன்று திறமாக வந்தால் அந்த மாதிரி முழுவதும் திறம் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, ஒன்று பழுதாக வந்ததும் கம்பனியையே தூக்கியெறிகிறவர்களையும் நம்புவதில்லை. ஒரு கத்தியை வைத்து அந்தக் கத்தியைப் பற்றித்தான் சொல்லலாம்.

தம்பியிடம் சொல்: அவருடைய பூட்டு எதிர்ப்பக்கத் தகட்டைத் தொடாதவரை பயமில்லை. ஆனால் தேய்மானத்துக்கு இடம் குறைவு, அதனால் படீர் படீரென்று விரித்து விளையாடக் கூடாது. உன்னுடையதற்கு ஆயுள் கூட. இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்திருந்தால் திருப்பிக் கொடு என்று சொல்லியிருப்பேன். எதற்கும் இரண்டையும் ஒருக்கால் சோதித்துப் பார். விரல்களை அலகு மடியும் வழியிலிருந்து முற்றாக விலக்கி, பிடியைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து மெல்ல மெல்லப் பாரம் கொடு. தகடு ஒரு நூல் அளவு பின்வாங்கினாலும் அந்தக் கத்தி வேண்டாம். முதுகை மேசையில் அடித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது நல்ல பூட்டையும் கெடுக்கும், செய்யாதே.

இதைவிட நான் பெரிதாக எடுப்பது குண்டின் பிடிமானத்தை. பூட்டுத் தகட்டில் பதித்த சிறு குண்டு, மடித்திருக்கும்போது அலகிலுள்ள குழியில் விழுந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. குழி சற்றுத் தள்ளிப் போனால், அல்லது தகட்டின் வளைவு குறைந்தால், அலகு சட்டைப்பைக்குள் தானாகத் திறக்கும். கத்தியை மடித்து, அலகு விழக்கூடிய பக்கத்தைக் கீழே பிடித்து உதறு. வெளியே வந்தால் திருப்பிக் கொடு. பூட்டு ஏறிய அளவைப் பற்றி ஆயிரம் பேர் கதைப்பார்கள், இதைப் பற்றிக் கதைப்பவர் குறைவு. ஆனால் கையை வெட்டுவது இதுதான், வீட்டில் வைத்துத் திருத்துவதும் கடினம்.

அலகின் பக்க ஆட்டத்தைத் திருத்தலாம். அலகுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள வாசரின் விட்டம் 10 மில்லிமீற்றர், அச்சாணியருகே 0.05 மில்லிமீற்றர் இடைவெளி என்றால், 90 மில்லிமீற்றர் அலகின் நுனியில் அது கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர் ஆட்டமாகத் தெரியும். முதலில் பிடியின் ஸ்குரூக்களை இறுக்கு, பிறகு அச்சாணியை எட்டில் ஒரு சுற்றாகத் திருகு. ஆட்டம் நின்ற இடத்தில் அலகு சொரசொரப்பாக மடிந்தால் வாசரில் பிசிறு இருக்கிறது. அதைக் கழற்றி, கண்ணாடியில் ஒட்டிய ஈரத்தில் தேய்க்கும் 2000 இலக்க அரத்தாளில் தட்டையாக நாலைந்து தேய்ப்புத் தேய்த்தால் போதும். நல்லதாய் வந்ததும் அச்சாணிக்கு ஒரு துளி நீல லொக்ரைற் போடு, அது ஸ்குரூ இளகாமல் பிடிக்கும் பசை. சிவப்பைத் தொடாதே, சூடு காட்டாமல் இளகாது. கம்பனியே சிவப்பைப் போட்டிருந்தால் சோல்டரிங் அயனின் நுனியை ஸ்குரூவின் தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டுத் திருகு. இல்லாவிட்டால் ஸ்குரூவின் ரி-6 தலை, அதாவது நட்சத்திரக் குழியுள்ள சிறு தலை, உருண்டுவிடும், அதன்பிறகு பெரும் அலுப்பு.

அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வது கண்ணை உறுத்தும், ஆனால் பிடியில் உரசாவிட்டால் வேலைக்கு ஒரு குறையுமில்லை. முதுகுப் பக்கத்தை ஒரு கண்ணால் பார். அலகு நேராக இருந்தால் ஸ்குரூவைத் தளர்த்தி, எதிர்ப்பக்கம் அழுத்தியபடி இறுக்கினால் பெரும்பாலும் நடுவுக்கு வரும். அலகே வளைந்திருந்தால் அது தோய்ச்சலில் வந்த கோணல், நீ நிமிர்த்தப் போகாதே, உடையும்.

கூர்மையைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். ‘இரண்டும் ஒரே உருக்கு, ஏன் என்னுடையது கெதியில் மழுங்குகிறது?’ கடினத்தைக் கம்பனிகள் ஒரு எல்லையாகத்தான் சொல்லும், றொக்வெல் 58 முதல் 60 வரை என்பதுபோல. அந்த இரண்டு புள்ளி வித்தியாசம் கையில் அவ்வளவு தெரியாது. தெரிவது வேறு இரண்டு விஷயம். ஒன்று, கடைசிக் கூர் பெரும்பாலும் ஒரு ஆள் கையால் பெல்ற்றில் பிடித்துப் போடுவது. தண்ணீரில்லாமல் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், கூரின் நுனி பதம் போட்ட சூட்டைத் தாண்டிப்போய் இளகிவிடும். முழுக் கத்தியும் இளகுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரம் மட்டும். ஆகவே முதல் மூன்று நான்கு தடவை கல்லில் தீட்டும்வரை தீர்ப்புச் சொல்லாதே, கெட்ட ஓரம் தேய்ந்து போனதும் கீழிருக்கும் நல்ல உருக்கு வரும்.

மற்றது கூருக்குப் பின்னாலுள்ள தடிப்பு. கலிப்பரால் அள. ஒன்று 0.3, மற்றது 0.6 என்று வந்தால் ஆச்சரியப்படாதே. 0.6 உள்ள கத்தி எவ்வளவு தீட்டினாலும் அப்பிளைப் பிளக்கும், வெட்டாது. பக்கங்களும் சமனாக இருக்காது, வலம் 17 பாகை, இடம் 22 பாகை என்று நிற்கும். கறுப்பு மார்க்கரால் இரண்டு பக்கச் சரிவையும் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழு. மை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் உன் கோணம் தெரியும். ஒரே நாளில் சமன்செய்ய வெளிக்கிடாதே. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அகலம் குறைந்த பக்கத்துக்கு நாலு இழுப்புக் கூடக் கொடு, தானாக வரும்.

இந்தப் பொருத்தத் தொல்லை குறைந்த பூட்டு வேண்டுமென்றால் பெஞ்ச்மேட் கம்பனி 1998இல் கொண்டுவந்த அக்சிஸ் பூட்டைப் பார். குறுக்கே நிற்கும் உருளையை இரண்டு வில்கள் தள்ளுவதால் தன் இருப்பிடத்தை அதுவே தேடிக்கொள்ளும். ஒப்பினல் என்ற பிரெஞ்சு மரப்பிடிக் கத்தியில் இந்தக் கதையே வேறு. பீச் மரப் பிடி ஈரத்தைக் குடித்து உப்பி அலகை இறுக்கிவிடும், எங்கள் மாரியில் திறக்க நகம் போதாது. பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். அது உற்பத்திப் பிழையில்லை, மரத்தின் குணம். இங்கே உப்புக் காற்றுக்குக் காபன் உருக்கு இரண்டு நாளில் கறை பிடிக்கும், ஆகையால் நான் துருப்பிடிக்காத அலகுள்ளதைத்தான் சொல்வேன். எண்ணெய்க்குத் தையல் மெசின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு கத்தியையும் கொண்டுவா, கையில் எடுத்துப் பார்த்துத்தான் மற்றதைச் சொல்லலாம். விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குள் வை, கைப்பையில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். நல்ல உருக்கில் செய்த ரி-6, ரி-8, ரி-10 ரொர்க்ஸ் பிட் ஒவ்வொரு சோடி வாங்கிவா. இங்கே கிடைப்பவை இரண்டு ஸ்குரூவோடு முனை உருண்டு போகின்றன. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்,
ரவி